கேட்டுப் பார்த்து வாங்கலாம்

வீணையின் இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது இடப்பக்க ஸ்பீக்கர் ஒரு கணம் மங்கியது. நிற்கவில்லை. வயர் லேசாகக் கழன்றால் வருமே, அந்தக் கரகரப்பும் இல்லை. சன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வெளியே யாரோ நடந்துபோனால் எழுத்தின் மேல் ஒரு நிழல் விழுந்து விலகும் அல்லவா, அந்த மாதிரி, ஒலியின் மேல் ஏதோ விழுந்து விலகியது.

இருதயராஜ் கண்ணைத் திறந்து பார்த்தார். அறையில் எதுவும் மாறவில்லை. ஆளுயரத்துக்கு நின்ற இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்கள், அவற்றுக்கு நடுவில் வெறும் கம்பளம், கம்பளத்துக்கு இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்த ஒற்றை நாற்காலி. கதவில் சாய்ந்து நின்ற வருண் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

“என்ன அங்கிள், ஓகேவா?”

“ஒண்ணுமில்ல தம்பி. ஓடட்டும்.”

ஒன்றுமில்லை என்று வாய் சொன்னாலும் கை போய் இடது காதைத் தொட்டது.

சில மாதங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில், ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் இருந்த ஒரு பெட்டிக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் ஒரு சின்னப் பெண் திரையில் சரிந்து இறங்கும் கோடு ஒன்றைக் காட்டி, இடது காது குறைந்துவிட்டது, கருவி வைத்துக்கொள்ளலாம் என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். கோயிலில் தமிழ்ப் பாடகர் குழுவை அரை ஆயுசாக நடத்தி வருகிறவர் அவர். முந்தின நாள் யார் ஐஸ் தண்ணீர் குடித்தார்கள் என்பதைப் பயிற்சி தொடங்கி முதல் வரி முடிவதற்குள் சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கா கருவி?

ஆனால் விஷயம் ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. குழுவில் முதல் குரல் பாடும் செலின், இரண்டாம் குரல்காரர்கள் சுருதி இறங்கிப் பாடுவது மாஸ்டருக்குக் கேட்கவில்லை என்று பாதரிடம் போய்ச் சொன்னாள். பாதர் மரியாதையாகத்தான் பேசினார். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார். இன்று காலைத் திருப்பலியில் அவர் நிற்க வேண்டிய இடத்தில் செலின் நின்று கையசைத்திருப்பாள். மனைவி பிலோமினா பாடப் போனாள். அவர் பிடோக் வட்டாரத்து வீட்டில் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் திரும்பி வந்ததும் தேக்கா கடைத்தெருவுக்குக் கிளம்பினார்.

“கேட்டுட்டு வாங்க,” என்றாள் பிலோமினா. “வாங்கிட்டு வந்துடாதீங்க.”

இளமையில் ஒரு கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ஸ்பீக்கர் அது. விலையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நகர்ந்துபோன காலம். இப்போது அதே மாதிரி ஒரு ஜோடி, அதற்கு ஏற்ற வால்வு ஆம்ப்ளிஃபையரோடு, பழையது வாங்கி விற்கும் வருணிடம் வந்திருப்பதாக இணையத்தில் பார்த்துப் போன் செய்தார். “இதுல எதுவும் ஒளியாது அங்கிள்,” என்றான் அவன். “ரெக்கார்டிங்ல எவனாச்சும் கால் மாத்தி வச்சாகூடத் தெரியும். நேர்ல வாங்க, கேட்டுப் பாத்து வாங்கலாம் லா.”

எதுவும் ஒளியாது. அந்த வார்த்தைதான் அவரை இழுத்து வந்தது. அப்படிப்பட்ட ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, தன்னுடைய குழுவை, தன்னுடைய காதால், கடைசிச் சுரம் வரை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

கடை, டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. கீழே பூக்கடையில் மாலை கட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பதால் தெரு முழுக்க ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், வீட்டோடு வீடியோவில் பேசிக்கொண்டு, மூட்டை மூட்டையாகச் சாமான் வாங்கிக்கொண்டு, கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அவர் படியேறும்போது அந்த இரைச்சலும் மல்லிகை வாசனையும் வடைச் சட்டியின் எண்ணெய் வாசனையும் கூடவே ஏறி வந்தன. வருண் இந்த அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தியதும் எல்லாம் கத்தரித்ததுபோல் அறுந்தன. சன்னல்களைப் பலகையடித்து அடைத்திருந்தான். சுவர் முழுக்கச் சாம்பல் நிற ஸ்பஞ்ச். ஆம்ப்ளிஃபையரின் கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருந்தன, அவற்றின் மேல் படிந்த தூசி சூடேறி இஸ்திரிப் பெட்டி வாசனை அடித்தது. தன் உமிழ்நீரை விழுங்கும் சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்கும் அறை.

வீணை முடிந்தது. இருதயராஜ் பையிலிருந்து தன் சிடியை எடுத்து நீட்டினார்.

“இதப் போடுங்க தம்பி. எங்க கொயர். கிறிஸ்துமஸுக்கு முன்னால வருமே, திருவருகைக் காலம், அதுக்குப் பாடினது. மெட்டு என்னோடது.”

“ஓ, நைஸ்,” என்றான் வருண். சிடியைப் போட்டுவிட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, மறுபடியும் கதவோரம் போய் நின்றுகொண்டான். உட்கார அறையில் வேறு இடமும் இல்லை.

கீபோர்டு தொடங்கியது. பிறகு குரல்கள் வந்தன, இருதயராஜுக்கு உடம்பு சிலிர்த்தது.

நல்ல ஸ்பீக்கர் இரண்டைச் சரியாக வைத்து, சரியான இடத்தில் உட்கார்ந்தால், பாட்டு ஸ்பீக்கரிலிருந்து வருவதாகவே தெரியாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வெறும் இடத்திலிருந்து வரும். பாடுகிறவர்கள் அங்கே நிற்பார்கள். அவருக்கு அது தெரிந்ததுதான், ஆனால் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. கண்ணை மூடினார். அத்தனை பேரும் அந்தக் கம்பளத்தின் மேல் நின்றார்கள். இடது ஓரத்தில் செலின், முகவாயைச் சற்றே தூக்கிக்கொண்டு. நடுவில், கொஞ்சம் பின்னால், இரண்டாம் குரல் பெண்கள், அவர்களில் பிலோமினா. வலது ஓரத்தில் தாசன், ஒவ்வொரு வரிக்கும் ஒரு நூலிழை முன்னதாகவே குதிப்பவன், இங்கேயும் குதித்தான். பின் வரிசையில் கனத்த குரல் ஆண்கள். யாருடைய புடவையோ சரசரத்தது. யாரோ பாட்டுத் தாளைத் திருப்பினார்கள்.

*வாசல் திறந்தோம், வாரும்.*

சுருதி எங்கேயும் இறங்கவில்லை. அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது. இதைக் கேட்கும் காதையா குறை சொன்னார்கள்?

அப்போது செலினின் குரல் மங்கியது.

இந்தத் தடவை விழுந்த நிழல் விலகவில்லை. செலினுக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றுகொண்டதுபோல, அவளுடைய குரலின் கூர்மையான பகுதி முழுவதும் மழுங்கி, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தெளிவாக இருந்தார்கள். அவள் மட்டும், இடது ஓரம் மட்டும்.

இடது.

அந்தச் சின்னப் பெண் காட்டிய கோடு கண்முன் வந்தது. அப்படியானால் அது நிஜம். பாதரும் செலினும் ஆஸ்பத்திரியும் சொன்னது எல்லாம். அவர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே ஏதோ முறுக்கிக்கொண்டது. இல்லை. நான் பார்த்துவிடுகிறேன்.

பாட்டை நிறுத்தினார். எழுந்து நாற்காலியைப் பிடித்துத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

“அங்கிள், என்ன பண்றீங்க?”

“ஒரு டெஸ்ட்டு. இருங்க.”

இப்போது செலின் நின்ற பக்கம் அவருடைய வலது காதுக்கு வந்துவிட்டது. குறை இடது காதில் இருந்தால், இனி மங்க வேண்டியது எதிர் ஓரம், தாசன் பக்கம். பாட்டை முதலிலிருந்து போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தாசன் பளிச்சென்று இருந்தான், அவருடைய இடது காதில், ஒவ்வொரு எழுத்தும் உடைத்துவைத்ததுபோல். வலது காதில் செலின் மழுங்கிக் கிடந்தாள்.

குறை காதில் இல்லை. அங்கே.

இருதயராஜ் சிரித்துவிட்டார். சத்தமாக, தனியாக. எத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அது. “என் காது நல்லா இருக்கு தம்பி,” என்றார். “பாத்தீங்களா. என் காதுல ஒண்ணுமே இல்ல. உங்க ஸ்பீக்கர்லதான் கோளாறு.”

வருண் முகம் சுளித்தான். இடப்பக்க ஸ்பீக்கரின் அருகே போய்க் குனிந்து, ஒவ்வொரு கூம்பின் பக்கமும் காதை வைத்துப் பார்த்தான். “எல்லாம் வருதே அங்கிள். மேல, நடு, கீழ, எல்லாம் கிளீனா இருக்கு.” நிமிர்ந்து, வயரைப் பார்க்க வலப்பக்க ஸ்பீக்கருக்குப் போனான்.

இருதயராஜ் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் கவனித்தார். வருண் கம்பளத்தின் குறுக்கே நேராக நடக்கவில்லை. இரண்டு எட்டு வைத்தவன் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் நிற்பவரைச் சுற்றிப் போகிற மாதிரி, வளைந்து போனான். அங்கே எதுவும் இல்லை.

“ஏன் தம்பி சுத்திப் போறீங்க?”

வருண் நின்றான். தன் காலைப் பார்த்தான். பிறகு தான் வந்த வழியைப் பார்த்தான்.

“தெரியல,” என்றான்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இருதயராஜுக்குச் சிரிப்பு மெல்ல அடங்கியது. காதில் குறையில்லை. ஸ்பீக்கரிலும் குறையில்லை. அப்படியென்றால் செலினுக்கு முன்னால் நின்று மறைப்பது எது?

அவர் நாற்காலியைப் பழையபடி திருப்பினார். வெறும் கம்பளம். நீலமும் கறுப்புமாக ஏதோ கொடி வேலைப்பாடு. அதன்மேல், இடது பக்கமாக, ஓர் ஆள் அளவுக்கு ஒலி இல்லாத இடம். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, காதுக்கு அதன் விளிம்புகூடத் தெரிந்தது. தோள் எங்கே முடிகிறது. தலை எந்த உயரம்.

“இது யார்கிட்ட வாங்கினீங்க?” என்று கேட்டார், பார்வையை எடுக்காமல்.

“குவீன்ஸ்டவுன்ல ஒரு பழைய பிளாட். ஏன்?” வருண் கதவோரம் போய்விட்டிருந்தான். “ஓனர் அந்த ரூமுக்குள்ள வரவே இல்ல அங்கிள். காரிடார்ல நின்னு கையாலயே வழி காட்டினாரு. விலை பேசினது, டைம் சொன்னது எல்லாமே மெசேஜ்லதான். ஒரு வார்த்தை பேசல மனுஷன். நாங்க லாரில ஏத்தி, லாரி கிளம்புற வரைக்கும் கீழ வந்து நின்னு பாத்தாரு.”

“இதுக்கு முன்னால யாரும் வந்து கேட்டாங்களா?”

வருண் போனைப் பைக்குள் போட்டான்.

“வந்தாங்க. யாரும் ஒரு பாட்டு முழுசா உக்காரல. பாதில எழுந்து போயிடறாங்க. காரணம் சொல்ல மாட்றாங்க.” அவன் குரல் இறங்கியது. “நானும் அந்தச் சேர்ல உக்கார மாட்டேன் அங்கிள். ஏன்னு கேக்காதீங்க. ஆஃப் பண்ணிடவா? கேலாங் ஸ்டோர்ல வேற ஒரு செட் இருக்கு, இதவிட நல்லா இருக்கும், கூட்டிட்டுப் போறேன்.”

எழுந்திருக்கலாம். இருதயராஜின் கால் அதைத்தான் கேட்டது. ஆனால் எழுந்திரு, இடத்தை விடு, ஓய்வெடு என்று எல்லாரும் எத்தனை மாதமாகச் சொல்கிறார்கள். இப்போது இதுவுமா? முகம்கூட இல்லாத இதுவுமா?

“நான் உக்காருவேன்,” என்றார். “என் பாட்டு இது. முடியிற வரைக்கும் கேப்பேன்.”

முதலிலிருந்து போட்டார். சத்தத்தை ஏற்றினார்.

முதல் சரணத்திலேயே அது நகர்ந்தது. செலினை விட்டு விலகிப் பின்வரிசைக்குப் போவதை அவரால் எட்டு எட்டாகத் தொடர முடிந்தது. ஒவ்வொரு குரலாக மங்கி மங்கி மீண்டது, இருட்டில் ஒருவர் விளக்குகளுக்கு முன்னால் நடந்துபோவது போல. எல்லாரும் மீண்டார்கள். செலின் மீளவில்லை.

அவள் நின்ற இடத்தில் இப்போது எதுவும் மறைக்கவில்லை. அந்த இடம் திறந்து, தெளிவாக, காலியாக இருந்தது. பக்கத்தில் நின்றவளின் புடவைச் சரசரப்புக்கூடக் கேட்டது. செலின் மட்டும் அந்தப் பாட்டில் இல்லை. எப்போதுமே பாடாதவள் மாதிரி.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை. குழுவின் வாட்ஸாப்பாக இருக்கும், காலைத் திருப்பலியின் படங்களாக இருக்கும். பார்க்க விருப்பமில்லை.

வெட்கத்தோடு என்றாலும் ஒரு திருப்தி உள்ளே எட்டிப் பார்த்ததை அவர் உணர்ந்தார். போகட்டும். செலின் இல்லாமலும் பாட்டு நிற்கிறதா இல்லையா.

இரண்டாம் சரணம். பின்வரிசையின் கனத்த குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ஆட்கள் போகப் போகத் தரை நழுவுவதுபோல் பாட்டு மெலிந்தது. போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

“அங்கிள்.” வருண்.

“உங்களுக்குக் கேக்குதா? கொறையுது பாருங்க.”

“கேக்குது. ஆளுங்க கொறையறாங்க.” அவன் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தான். “நிறுத்துங்க அங்கிள். ப்ளீஸ்.”

இருதயராஜ் எழுந்து நின்றார். ஓடுவதற்கு அல்ல. கைகளைத் தூக்கினார், கோயிலில் தூக்குவதைப் போலவே. மிச்சமிருந்தவர்களுக்குத் தாளம் கொடுத்தார். இங்கே பாருங்க. என்னைப் பாருங்க. அதப் பாக்காதீங்க. இடது கையால் பெண்களை ஏற்றினார். வலது கையால் தாசனை அடக்கினார். தாசன் வழக்கம்போல் முன்னதாகக் குதித்தான், குதித்த வார்த்தையின் நடுவில் அறுந்தான். போன் நெஞ்சில் அதிர்ந்தது. அவர் கையை நிறுத்தவில்லை. முதுகில் வியர்வை வழிந்தது. நீ யாராயிருந்தாலும் இரு. இது நான் கட்டின குழு. நான் போகச் சொல்லாமல் யாரும் போக மாட்டார்கள்.

போனார்கள். ஒவ்வொருவராக.

கடைசிச் சரணம் பிலோமினா தனியாகப் பாடுவது. அந்த மெட்டை அவளுக்காகத்தான் போட்டார். ஒலிப்பதிவில் அவளைச் சுற்றி எப்போதும் மற்றவர்களின் மெல்லிய ரீங்காரம் இருக்கும். இப்போது சுற்றிலும் ஒருவரும் இல்லை. கீபோர்டு. அவள்.

கட்டைவிரல் ரிமோட்டின் பட்டன் மேல் இருந்தது. அழுத்தினால் போதும். நின்றுவிடும்.

ஆனால் அவள் குரலை அவர் இப்படிக் கேட்டதே இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவள். உதடு பிரிவது கேட்டது. ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாக்கு நகர்வது கேட்டது. அவள் குரலில் ஓர் ஓரத்தில் அழுகைக்குப் பக்கமாக ஏதோ இருந்தது, அது அன்றைக்கும் இருந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. எதுவும் ஒளியவில்லை. அவர் பட்டனை அழுத்தினார். நிறுத்தும் பட்டனை அல்ல. சத்தத்தை இன்னும் ஏற்றினார்.

அது அவள் முன்னால் வந்து நின்றது.

“வாரும்” என்ற சொல்லில் வா மட்டும் வந்தது.

கீபோர்டு தனியாகப் பாட்டை முடித்து வைத்தது. பிறகு ஸ்பீக்கரின் மெல்லிய இரைச்சல். வால்வின் சூட்டு வாசனை. இருதயராஜின் கைகள் இன்னும் காற்றில் இருந்தன. இறக்கினார். மூச்சு வாங்கியது.

“முழுசா கேட்டேன்,” என்றார். “எழுந்து போகல. பாத்தீங்கல்ல.”

வருண் அவருடைய சட்டைப் பையைக் காட்டினான். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

எடுத்தார். திரையில் தவறிய அழைப்புகள். அடியில் செலின். அதற்கு மேல் பின்வரிசைக்காரர்களின் பெயர்கள். அதற்கு மேல் தாசன். அதற்கு மேல் இரண்டாம் குரல் பெண்கள். எந்த வரிசையில் பாட்டிலிருந்து போனார்களோ அந்த வரிசையில்.

இப்போது அழைப்பது பிலோமினா. வீடியோவில்.

பச்சைப் பட்டனைத் தொட்டார். பிடோக் வீட்டுச் சமையலறை. அவள் முகம் திரையை அடைத்துக்கொண்டு. வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

“பிலோ, சத்தம் வரல. மைக்க ஆன் பண்ணு.”

அவளுக்குப் பின்னால் குக்கர் விசிலடித்தது. தெளிவாகக் கேட்டது. கூடத்து டிவியில் யாரோ செய்தி வாசித்தார்கள், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மேலே சுழலும் காத்தாடிகூடக் கேட்டது. அவள் கையால் மேடையைத் தட்டினாள், படீரென்று, ஆத்திரத்தோடு. அதுவும் கேட்டது. பிறகு ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய, அவரைப் பார்த்து வாயை அகலமாகத் திறந்தாள்.

எல்லாம் கேட்டது. அவருடைய காதில் எந்தக் குறையும் இல்லை.

“ஆஃப் பண்ணு,” என்றார். பிறகு கத்தினார். “வருண், ஆஃப் பண்ணு.”

வருண் சுவரோரம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது. வால்வுகளின் ஆரஞ்சு நிறம் சிவப்பாகி, கறுத்தது. அறை அடங்கியது. இத்தனை அமைதியான அறையில் அவர் வாழ்நாளில் நின்றதில்லை.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், கம்பளத்தில், ஏதோ எடை மாற்றி நின்றது.

அவர் பின்வாங்கவில்லை. ஒரு கையில் பிலோமினாவின் சத்தமில்லாத முகம். மறு கையைத் தூக்கினார், உள்ளங்கை வெளியே தெரிய, நில் என்று. “குடு,” என்றார். “அவ குரலக் குடு.”

பதிலாக மூச்சு வந்தது.

உள்ளே இழுக்கும் மூச்சு. ஒருவருடையது அல்ல. பாடத் தொடங்குவதற்கு முன் ஒரு குழு முழுதும் சேர்ந்து இழுக்கும் மூச்சு. செலின் மூக்கால் இழுப்பது. தாசன் ஒரு நூலிழை முன்னதாக. கனத்த குரல்காரர்களின் நெஞ்சு விரிவது. நடுவில் பிலோமினா. எல்லாம் ஒரே இடத்திலிருந்து. ஒரே உயரத்திலிருந்து. ஒரே வாயிலிருந்து.

வருணுக்கும் கேட்டது. கதவு திறந்தது. படியில் அவன் செருப்பு தடதடவென்று இறங்கியது. தெருவின் இரைச்சல் ஒரு கணம் உள்ளே வந்து, கதவு தானாகச் சாத்திக்கொண்டதும் போனது.

இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. அங்கே, அவருக்கு முன்னால், நிறைந்து, தளும்பி, நின்றது.

இருதயராஜுக்கு அப்போதுதான் புரிந்தது, தூக்கிய தன் கையை அது எப்படி எடுத்துக்கொண்டது என்று. அந்தக் கை உயர்ந்தால் மூச்செடுப்பார்கள். இறங்கினால் பாடுவார்கள். எந்தக் குழுவும் அவர் கை இறங்கிய பின் பாடாமல் இருந்ததில்லை.

தோள் வலித்தது. போனில் பிலோமினாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

அவர் கையை இறக்கவில்லை.

அது காத்திருந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவருடைய கையையே பார்த்தபடி.